பெயர் சொல்ல விரும்பாத பெற்றோர்

இந்த நாற்காலி உறையின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது ஐயா. உட்கார்ந்ததுமே கைக்குத் தட்டுப்பட்டது. ஊசியும் நூலும் இருந்தால் பேசிக்கொண்டே போட்டுத் தந்துவிடுவேன். முப்பது வருடமாக எனக்கு வாயும் கையும் சேர்ந்தே ஓடிப் பழகிவிட்டன. வேண்டாம் என்றால் சரி. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிற பெண் தயாரா? வேகமாகப் போனால் சொல்லும்மா, நிறுத்திக்கொள்கிறேன். யாராவது எழுதிக்கொள்ளும்போது எப்படிப் பேசுவது என்பது எனக்குப் பழக்கம்தான்.

என் தையல்கடை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. சீருடையெல்லாம் நான் தைத்துக் கொடுத்ததுதான். முன்பு பள்ளி வாசல் என் கடையைப் பார்த்து இருந்தது. மூன்றே முக்காலுக்கே தாய்மார்கள் வந்துவிடுவார்கள். வெயிலுக்கு என் கடைப் படியில் ஒதுங்குவார்கள். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டுக்காரரின் சட்டையில் பொத்தான் அடிக்கடி அறுகிறது, அது ஏன் முன்பக்கமே அறுகிறது, எல்லாம் அந்தப் படியில்தான் அலசப்படும். நான் ஒரு கேள்வி போட்டால் போதும், எட்டுப் பேர் பதில் சொல்வார்கள்.

பிறகு பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, வாசலைப் பக்கத்துச் சந்துக்கு மாற்றிவிட்டார். ஒரு வேன் ஒரு குழந்தையை உரசிக்கொண்டு போனதாம்; தெருப்பக்கம் ஆபத்தாம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. பழைய வாசலில் பூட்டுத் தொங்கியது. என் கடைப்படி காலியானது. அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான். அவர் போய் ஒன்பது வருடம். மகன் வெளிநாட்டில். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். "நல்லா இருக்கியாம்மா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன்." பதினொரு நொடி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.

மாடியில் ஒருத்தி குடியிருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்குமிடத்தில் வேலை, ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். புருஷன் இல்லை, எங்கே என்று நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தும் சொல்லவில்லை, அழுத்தக்காரி. இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். என் கடைத் தரையில் விழுகிற பொத்தான்களைப் பொறுக்கிச் சேர்ப்பாள், அதனால் நான் பொத்தான் என்றே கூப்பிடுவேன். பள்ளி விட்டதும் நாற்பது எட்டு எடுத்துவைத்து என் கடைக்கு வந்துவிடுவாள். அம்மா வரும்வரை என் தையல் இயந்திரத்துக்குக் கீழேதான் வாசம். அந்த நாற்பது எட்டை நம்பித்தான் அவள் அம்மா வேலைக்குப் போனாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

நிருபர் தம்பி முதலில் வந்தது பையின் ஜிப்பைச் சரிசெய்ய. கல்விச் செய்திகள் அவர் பொறுப்பு. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைப்பதா வேண்டாமா என்று அப்போது அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று நாலரைக்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம். சந்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். அந்தத் தாய்மார்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். நின்று பேச அங்கே படி ஏது.

"அக்கா, நீங்க சொல்லுங்களேன். நீங்களும் ஒரு பெற்றோர்தானே?"

நானும் ஒரு பிள்ளையை வளர்த்தவள்தான். அவனுக்கு முப்பத்திநாலு வயது என்பதை அவர் கேட்கவில்லை.

"நறுக்குன்னு ஒரு வரி போதும்க்கா. இருபது வார்த்தைக்குள்ள."

"மூணாம் வகுப்புப் புள்ளைக்குத் தன் பேரையே எழுதத் தெரியலை தம்பி. என் கண்ணால பார்த்தேன்."

பொய் இல்லை ஐயா. சீருடைக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகள் ஒரு சீட்டில் பெயர் எழுதித் தர வேண்டும். ஒருவன் எழுதவில்லை. அன்று அவன் வலது கையில் கட்டுப் போட்டிருந்தான். அதை நான் சொல்லவில்லை. இருபது வார்த்தைக்குள் அடங்கவில்லை.

மறுநாள் அது தலைப்பு. கீழே, 'பெயர் சொல்ல விரும்பாத பெற்றோர் ஒருவர் வேதனை' என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தேன். மகனிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். பதினொரு நொடியில் அதுவும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது நாலு மணி வாக்கில் தம்பி கூப்பிடுவார். நான் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் குறுக்கே பேச மாட்டார். அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்கும். "அருமைக்கா" என்பார். என்னை யாரும் அருமை என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

உங்கள் கோப்பில் இருக்கிற இருபத்துமூன்று துண்டுகளும் அப்படி வந்தவைதான். 'கண்ணீருடன் ஒரு தாய்' நான். 'அப்பகுதிவாசி ஒருவர்' நான். 'பள்ளி வட்டாரங்கள்' என்றும் இரண்டு தடவை என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஆள் ஒரு வட்டாரமாக முடியும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கழிவறையில் தண்ணீர் இல்லை என்றேன். ஒருநாள் இல்லைதான், குழாய் மாற்றினார்கள். டீச்சர்கள் கைபேசி பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள் என்றேன். எண்ணக்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை என்றேன். அது ஏழாவது துண்டு, பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர்கள் பத்திரிகைக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சியும் உண்டு. நாலு கட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து என் வரியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒருவர் அந்தக் கத்தரித்த துண்டைத் தூக்கிக் காட்டி, "கள நிலவரம் சொல்லுது சார்" என்றார். நாலு பேரில் ஒருவரும் எங்கள் தெருப்பக்கம் வந்தவரில்லை. அடுத்த வாரம் துணி கொடுக்க வந்த ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "உங்களுக்கு விஷயம் தெரியுமாக்கா, எதிர்ல மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குப் பேரே எழுதத் தெரியாதாமே." நான் சொன்னதை நாலு பேர் வந்து என்னிடம் சொன்னபோது, அட, நிஜம்தான் போலிருக்கிறது என்று எனக்கே உறைத்தது. அவள் மறுமாதம் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பதினாலு மாதத்தில் ஐம்பத்தெட்டு ஆனார்கள்.

பெரிய டீச்சர் ஒருநாள் என் கடைக்கு வந்தார். கையில் மூன்றாம் வகுப்பு நோட்டுகள் ஒரு கட்டு. பத்திரிகை அலுவலக வரவேற்பறையில் மூன்று மணிநேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். யாரும் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே. யாரும்மா இப்படியெல்லாம் சொல்றது? ஒரே ஒரு பேர் சொல்லுங்க. நான் அவங்க வீட்டுக்கே போய்க் கால்ல விழக்கூடத் தயாரா இருக்கேன்."

"நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க டீச்சர். யாருன்னு சொல்லுவேன்?"

"வாசல் அந்தப் பக்கம் போனதுல உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கலா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லை" என்றேன். அவர் போன பிறகு பார்த்தால், ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகையை வைத்துத் தைத்திருந்தேன். முப்பது வருடத்தில் முதல்முறை.

மாடி வீட்டுக்காரியும் சும்மா இருக்கவில்லை. அரைநாள் விடுப்புப் போட்டுப் பத்திரிகை அலுவலகம் போய், எனக்கு இந்தப் பள்ளி வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பெயர், முகவரி, மகளின் வகுப்பு, எல்லாம் சொல்லியிருக்கிறாள். தம்பி என்னிடம் விசாரித்தார்.

"யாருக்கா அது? பள்ளிக்கூடம் நல்லா இருக்குன்னு ஒரு அம்மா வந்து அழறாங்க."

"டீச்சருக்கு வேண்டப்பட்ட பொண்ணு தம்பி. சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாங்க."

அவள் சொன்னது அச்சில் வரவில்லை. இருபத்துமூன்று துண்டையும் புரட்டிப் பாருங்கள். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற ஒருத்தியின் பேச்சுகூட இருக்காது.

பிறகு ஆணை வந்தது. 'பெற்றோர் நம்பிக்கை இழந்துள்ளதாகத் தொடர்ந்து வெளியாகும் செய்திகளைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கியது. இணைத்த பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ஆறு வழிச் சாலை. நாற்பது எட்டு, இரண்டு கிலோமீட்டர் ஆனது.

அன்று மாடி வீட்டுக்காரி என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடம் கழித்து அந்தப் படியில் ஒருத்தி.

"அக்கா, நான் வேலையை விட்டா சோத்துக்கு வழியில்லை. விடலைன்னா புள்ளை தனியா ரோட்டைத் தாண்டணும். எனக்கு உங்களைத் தவிர யாருமில்லக்கா. காலையில நானே கொண்டுபோய் விட்டுடறேன். சாயங்காலம் நாலேகாலுக்கு ரோட்டு வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்துடறீங்களா?"

"இது ஒரு வேலையா? என் பொத்தானுக்கு நான் போகமாட்டேனா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கச் சலவைச் சோடா அரித்த வெடிப்பு. யாராலோ வந்த துன்பத்துக்கு நான் உதவுகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

எழுபது நாள் ஒழுங்காகப் போனேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குக் கம்பம், பக்கத்தில் பங்க்சர் ஒட்டுகிற கடை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நான் வந்து கையைப் பிடிக்கும்வரை காலை எடுத்து வைக்கக் கூடாது. இது எங்கள் ஒப்பந்தம்.

"நீ லேட்டா வந்தா என்ன பண்றது பெரியம்மா?"

"நூறு வரைக்கும் எண்ணு. அதுக்குள்ள வந்துடுவேன்."

"வரலைன்னா?"

"மறுபடியும் எண்ணு."

எழுபத்தியோராவது நாள் நாலு மணிக்கு நான் செருப்பை மாட்டிவிட்டேன். கடைச் சுவரில் கம்பி போட்ட தொலைபேசி அடித்தது. பள்ளி மூடிய பிறகு தம்பி அதிகம் கூப்பிடுவதில்லை. எதிரே எழுத ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மாதமாக நாலு மணி வெறும் நாலு மணியாகவே வந்து போய்க்கொண்டிருந்தது. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

"அக்கா, டீவியில நேரலை. இணைப்புப் பள்ளிகள் பத்தி. பெற்றோர் ஒருத்தர் லைன்ல வேணும். இருப்பீங்களா? ரெண்டே நிமிஷம்."

இருப்பேன் என்றேன். காத்திருக்கச் சொன்னார்கள். பாட்டுப் போட்டார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர். நாலேகால் ஆனது, தெரியும். சுவர்க் கடிகாரம் என் எதிரேதான் இருந்தது. நாலு இருபது. வைத்துவிட்டால் என் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்கள். நாலு இருபத்தெட்டுக்கு ஒரு பெண் குரல், "சொல்லுங்கம்மா, நாடே கேட்டுட்டு இருக்கு" என்றது.

நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "பச்சைப் புள்ளைங்களை ஆறு வழி ரோட்டுல நிக்க வெச்சுட்டு நீங்கள்லாம் என்ன பண்ணிட்டு இருக்கீங்க? கூட்டிட்டு வர ஆளில்லாம நிக்குதுங்க" என்றேன். பதினைந்து வார்த்தை. உங்கள் கோப்பில் அது இல்லை. பதிவு தொலைக்காட்சிக்காரர்களிடம் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

பங்க்சர் கடைக்காரர் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார். குழந்தை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லையாம். நூறு நூறாக எட்டு முறை. எனக்கும் அவரே சொன்னார். "ஒன்பதாவது நூறுல அறுபதோ என்னமோ எண்ணிட்டு இருந்துச்சும்மா. திடீர்னு நிறுத்திட்டு, உங்க பக்கமாப் பார்த்துச்சு. நீங்க வர்றீங்கன்னு நெனச்சிடுச்சோ என்னமோ." எதிரே வேறு யாரோ ஒரு பெண்மணி நான் உடுத்துகிற நிறத்தில் புடவை கட்டி நின்றிருக்கிறாள். லாரிக்காரர் மேல் தப்பில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

மாடி வீட்டுக்காரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலி செய்துகொண்டு போகும்போது படியில் ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் என் கடைப் பொத்தான்கள். பிறகுதான் உங்களுக்கு மனு எழுதியிருக்கிறாள்: பள்ளி வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெற்றோர்களை எனக்குக் காட்டுங்கள், அவர்கள் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. நீங்கள் நிருபரின் கைபேசியில் அவர்களைத் தேடினீர்கள். ஒரே எண் இருந்தது, என் எண்.

விபத்தன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் தம்பி மறுபடி கூப்பிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த குழந்தையைத் தெரிந்த ஒரு தாயின் வரி வேண்டும் என்றார். கொடுத்தேன். அதுதான் இருபத்துமூன்றாவது. கண்ணீருடன் என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அது மட்டும் நிஜம்.

பள்ளிக் கட்டடத்தை இப்போது ஏதோ அலுவலகமாக்கிவிட்டார்கள். பழைய வாசலைத் திறந்திருக்கிறார்கள். மனு கொடுக்க வருகிறவர்கள் வெயிலுக்கு என் படியில்தான் ஒதுங்குகிறார்கள். நான் கேட்டு நடந்ததில்லை அது.

நான்தான் செய்தேன் ஐயா. பள்ளியை மூடவைத்ததும் நான்தான், கூட்டிவரப் போகாமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம். கீழே, 'குழந்தையின் பெற்றோரில் ஒருவர்' என்று போட்டால் போதும். அன்றைக்கு அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தது எனக்காகத்தானே.