அம்மாவுக்கு யார் பொறுப்பு

– தூக்குல போடுங்கன்னா சொன்னேன்? சட்டப்படி என்ன உண்டோ அதைக் குடுங்கன்னுதான்கா சொன்னேன்.

– பெத்த அம்மாவை எதிர்ல நிறுத்தி வச்சுக்கிட்டு ஜட்ஜ்கிட்ட அப்படிச் சொல்ல உனக்கு எப்படிடா நாக்கு வந்துச்சு?

– செத்தது யாரு? என் அப்பா. தூங்கிட்டிருந்த மனுஷன்.

– முழிச்சிருந்தா அம்மாவால அவர் பக்கத்துல போயிருக்க முடியுமாடா?

– அடிச்சாரு, இல்லேங்கல. அடிச்சவரைக் கொல்லலாம்னா அப்புறம் கோர்ட் எதுக்கு, போலீஸ் எதுக்கு?

– போலீஸா! ஒரு கண்ணு திறக்க முடியாம வீங்கிப் போய் அம்மா ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னா. குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும்னு சமாதானம் பேசி, அப்பா பைக்லயே ஏத்தி அனுப்பினாங்க. அன்னிக்கு உன் சட்டம் எங்கடா போயிருந்துச்சு?

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– உனக்குத்தான் முதல்ல போன் பண்ணா. நீ என்ன சொன்னே?

– வேலை நேரத்துல கூப்பிட்டா என்னத்தைச் சொல்றது... கொஞ்சம் வாயை அடக்கிக்கோம்மான்னேன். அக்கா, அவரு என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு லாரி இன்ஜினைக் காட்டுவாரு. காய்ச்சல்னா விடிய விடிய பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரு. அந்த மனுஷனை, அவரோட ஸ்பேனராலேயே...

– அதே ஸ்பேனர்தான்டா அம்மா தோள்பட்டையை உடைச்சது.

– அப்போ சரிக்குச் சரி. அதான் உன் நியாயமா?

– அவ செஞ்சது சரின்னு நான் எங்க சொன்னேன்? அவளே ஒத்துக்கிட்டா. பாதி ஆயுசு முன்கூட்டியே தண்டனை அனுபவிச்சுட்டா, அதைக் கழிச்சுக்கோங்கய்யான்னுதான் ஜட்ஜ்கிட்ட அழுதேன்.

– ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்க. படிக்கட்டு வரைக்கும் கேக்குது.

– வாங்க வக்கீலம்மா. ஜட்ஜ் என்ன சொன்னாரு?

– பாருங்கம்மா, நல்ல சேதிதான். நீங்க பேசினது அவர் மனசுல பட்டிருக்கு. தண்டனையை நிறுத்தி வச்சு வெளியே விடறேங்கிறாரு. ஒரே நிபந்தனை. பிள்ளைங்கள்ல ஒருத்தர், என் வீட்ல வச்சுப் பார்த்துக்கிறேன்னு கையெழுத்துப் போடணும். அப்புறம் கோர்ட் அனுமதி இல்லாம அவங்க வேற எங்கயும் போய்த் தங்கக்கூடாது.

– ஓ...

– என்னம்மா, சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்.

– சந்தோஷம்தான். ஆனா என் வீட்டுக்காரரு... கொலைகாரி என் வாசப்படி மிதிச்சா நீயும் அவகூடவே கிளம்புன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு வக்கீலம்மா. வேற இடம் எதுவும், ஒரு விடுதி மாதிரி...

– கேட்டுப் பார்த்துட்டேன். பெத்த பிள்ளைங்கதான் வேணுமாம். இல்லேன்னா ஏழு வருஷம் ஜெயில்.

– குடுங்க மேடம், நான் போடறேன் கையெழுத்து.

– நீயாடா?

– ஏன், எனக்கு அம்மா இல்லையா? என் பொண்டாட்டி போனதுலேர்ந்து வீடு காலியாத்தான் கிடக்கு. அப்பா கட்டிலை என் வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன், அதுலயே படுத்துக்கட்டும். பகல்ல அவர் படத்துக்குப் பதில் சொல்லட்டும். சாயங்காலம் நான் வந்ததும் எனக்குச் சொல்லட்டும். எங்கயும் போக முடியாதுன்னுதானே ஜட்ஜே சொல்றாரு?

– உன் பொண்டாட்டி ஏன்டா போனா?

– அது எங்க குடும்ப விஷயம். எதுத்து எதுத்துப் பேசினா யாருக்குத்தான் கை நீளாது?

– வக்கீலம்மா... அம்மா என்ன சொல்றா?

– பிள்ளைங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேங்கிறாங்க. பையன் வீடுன்னா கூடச் சரிதானாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க.

– அவன்கிட்ட கையெழுத்து வாங்காதீங்க. உள்ளே போய் ஜட்ஜய்யாகிட்ட சொல்லுங்க. எங்கம்மாவுக்கு அந்த ஏழு வருஷத்தையும் குடுத்துடச் சொல்லி அவ மகளே கேக்குறான்னு.