யாகப்பர் நின்ற வாசலும் நாங்கள் அளந்த நடையும்

கடற்காற்று தவழும் பள்ளிமுனையின் இந்தப் பங்கு மண்டபத்தில் தலைமைக் கதிரையை அழகுசெய்யும் அருட்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, சமையலை முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே, வலையை வாடியில் வைத்துவிட்டு வந்த உழைப்பாளிகளே, உங்கள் அனைவருக்கும் அடம்பனில் பிறந்த இயன்மருத்துவர் நிறஞ்சலாவின் அன்பு வணக்கம்.

மூன்று ஆண்டுகள் நாங்கள் நடையை ஆராய்ந்தோம். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்தவர்களின் நடையை. கை நடுங்கினால் ஊருக்கே தெரியும். கால் தயங்கினால் யாருக்குத் தெரியும்? அந்தத் தயக்கத்தைத் தேடித்தான் மன்னார்க் கரையெங்கும் இருபத்துமூன்று பேரைச் சேர்த்தோம். தேடிய நானே அதைத் தவறவிட்ட கதையை, அவர்களின் சம்மதத்தோடு, இன்று சொல்கிறேன்.

இதோ அமர்ந்திருக்கிறாரே யாகப்பர் அண்ணை, நாற்பது ஆண்டுகள் கடலில் நின்றவர். அவருடைய மனைவி மதலேனா அக்கா அவரை எங்கள் சோதனை மண்டபத்துக்கு அழைத்து வந்தார். பத்து மீற்றர் நடக்கச் சொன்னோம். பதினொரு செக்கனில் நடந்து முடித்தார். நானும் பெருமையோடு எழுதினேன்: நடை சீர்.

மதலேனா அக்கா போகவில்லை.

"மிஸ், இஞ்ச நல்லா நடக்கிறார். வீட்டு வாசலில வந்தா அப்படியே நிண்டிடுவார். ஒருக்கா வீட்டை வந்து பாருங்கோ."

"அளவு சரியாத்தானே வந்திருக்கு அக்கா," என்றேன்.

எவ்வளவு இலகுவாகச் சொன்னேன். என் கையில் கடிகாரம் இருந்தது. அக்காவின் கையில் அண்ணையோடு வாழ்ந்த முப்பது ஆண்டு வாழ்க்கை இருந்தது. நான் கடிகாரத்தை நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. வாசலில் கால் நகராமல் நின்றவரை மகள் கையைப் பிடித்து இழுக்க, உடல் முன்னே போய்க் கால் பின்னே நின்று, அண்ணை விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றுதான் நான் பள்ளிமுனைக்கு வந்தேன். வெட்கத்தோடு வந்தேன்.

அண்ணை எழுந்தார், நடந்தார், வீட்டு வாசலை அடைந்தார், நின்றார். மூன்று நிமிடம் நின்றார். அண்ணை தலையை ஆட்டுகிறார், ஐந்து நிமிடமாம். சரி, ஐந்து என்றே திருத்திக்கொள்கிறேன்.

"கால் நிலத்தோட ஒட்டினமாதிரி, மிஸ். றோட்டில நிண்டா, ஆள் வெறியில நிக்குது எண்டு கதைக்கினம். அதுதான் கோயிலுக்கும் போறேல்லை," என்றார் அண்ணை.

குடிக்காத மனிதர், குடிகாரன் என்ற பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தார். அருட்தந்தை நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அப்ப எங்கட மண்டபத்தில எப்படி நடந்தனீங்கள் அண்ணை?"

"அங்க நிலத்தில கறுப்பும் வெள்ளையுமா கல்லுப் பதிச்சுக் கிடந்தது. கறுப்புக் கல்லாப் பாத்துப் பாத்துக் கால் வைச்சனான்."

கண்முன் கோடு இருந்தால் உறைந்த கால் எட்டு வைக்கும் என்று படித்தவள் நான். படித்தேன், பார்க்கவில்லை. பார்த்தேன், கேட்கவில்லை.

இதைக் கேட்ட மதலேனா அக்கா என்ன செய்தார் தெரியுமா? குசினிக்குப் போனார். சுண்ணாம்பைக் கரைத்து வந்தார். வாசலுக்கு இப்பாலும் அப்பாலும் ஐந்து கோடு இழுத்தார்.

"இப்ப வாங்கோ," என்றார்.

யாகப்பர் அண்ணை வந்தார். முதற்கோட்டில் சற்றுத் தயங்கினார். பிறகு ஒவ்வொரு கோடாய்த் தாண்டி முற்றத்துக்கு வந்து, மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

கைதட்டுங்கள், தட்டுங்கள், எனக்கல்ல, அக்காவுக்கு.

அன்றே ஆய்வை மாற்றினோம். இருபத்துமூன்று பேரையும் அவரவர் வீட்டு வாசலிலேயே மறுபடி நடக்கவைத்தோம். சீர் என்று நாங்கள் எழுதிய ஒன்பது பேர் வாசலில் நின்றுபோனார்கள். கோடு போட்டபோது அவர்களில் ஏழு பேர் தாண்டினார்கள். நோய் தீரவில்லை, மருந்து தொடர்கிறது, கோடு உதவாத நாளும் உண்டு. ஆயினும் வாசலைத் தாண்டுவது சிறிய காரியமா?

அருட்தந்தையின் அனுமதியோடு கோயில் வாசலிலும் கோடு போட்டோம். ஒரு ஞாயிறு காலை யாகப்பர் அண்ணை அதைத் தாண்டினார். நற்கருணை வாங்க எழுந்தபோது, சனம் இரக்கப்பட்டு வழிவிட்டது.

"விலகாதேங்கோ," என்றார். "நான் வரிசையிலயே வாறன்."

வரிசையிலேயே வந்தார். தம் முறைக்குக் காத்திருந்தார். வாங்கினார். நான் கடைசி வரிசை வாங்குப் பலகையில் இருந்து அழுதேன், அது மகிழ்ச்சிதான்.

அன்பானவர்களே, நடையை அளக்கக் கருவி வேண்டும்; அறிய மனிதர் வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் நடக்கத் தயங்கினால் மறைக்காதீர்கள், சொல்லுங்கள். நாங்கள் தவறாகக் கேட்டால் திருத்துங்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி வாருங்கள்.

நேற்று விடத்தல்தீவிலிருந்து உம்மு குல்சூம் என்றொரு தாய் தொலைபேசியில் பேசினார். "எங்கட வீட்டையும் வருவியளோ மகள்?" என்று கேட்டார். ஓம், வாறம் என்றேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் போகிறோம்.

செவிகொடுத்த உங்களுக்கும், நடந்து காட்டிய இருபத்துமூன்று பேருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் சுகமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.