வெள்ளிக்கிழமை சுழலாத டிரம்

“நல்ல வேளை, நேத்து வெள்ளிக்கிழமையாப் போச்சு மிஸ்!”

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெண்மணி தம் மகளின் அறிவியல் ஆசிரியையிடம் இவ்வாறு கூறினார். முந்தைய நாள் நிலம் அதிர்ந்த வேளையில் ஆசிரியை பயிற்சியின் பொருட்டு வேலூரில் இருந்தாராம்.

“கிழமையில இன்னாம்மா இருக்குது? எனக்கு உசுரே இல்ல. தரை ஆடினா பெஞ்சுக்கடியில பூந்துக்கோங்கன்னு பாடம் நடத்தினா, ‘பக்கத்து டேனரியில தோல் பதப்படுத்தற டிரம் சுத்தினா தெனமும்தான் ஆடுது மிஸ்’னு சிரிச்சுதுங்க.”

“நேத்தும் டிரம்முன்னுதான் அசையாம குந்தினு இருந்துச்சிங்களாம். எங்க ஆயிஷாதான், ‘அய்யோ, இன்னிக்கி ஜும்மா! டேனரி லீவு, டிரம் ஏது?’ன்னு கத்தினாளாம். அவ்ளோதான், எல்லாம் பெஞ்சுக்கடியில!”

“யாருக்கும் அடி படலியே?”

“கூரைக் காரை பேந்து பெஞ்சு மேல விழுந்துச்சு. புள்ளைங்க மேல ஒரு தூசு படல.”

ஆசிரியை கண்களை ஒற்றிக்கொண்டு நெடுமூச்செறிந்தார்.

“மத்த நாள்ல ஆடினா இன்னா செய்யுங்களோ?”

“அதுக்குத்தான் மிஸ், இனிமே டிரம் சுத்தினாலும் பூந்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுதுங்க. உங்க கிளாஸ்லயும்தான்.”

“பூந்துக்கட்டும்மா,” என்று ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். “நானும் அங்கயே குந்தி பாடம் நடத்தறேன்.”