அண்ணன் தலையாட்டினாரு, நான் ‘ம்’ கொட்டினேன்

...இவ்வளவு நேரம் பெத்தவங்களப் பத்திப் பெருசு பெருசாப் பேசிட்டேன். நீங்களும் கைதட்டிட்டீங்க. போதும். இப்ப ஒரு சின்ன விஷயம் சொல்லுதேன், கதை மாதிரிதான் இருக்கும், கேளுங்க. இது எங்க வீட்டுக் கதை. பின் வரிசையில போன் பாக்குற தம்பி, உனக்கும் சேத்துத்தான்.

எங்க அண்ணன் எட்வின், என்னைவிட அஞ்சு வயசு மூத்தவரு. விமானம் ஓட்டப் படிக்கணும்னு தென்னாப்பிரிக்கா போனாரு. அங்க ரெண்டு பேர் உக்காருற குட்டி விமானம். பக்கத்துல சொல்லிக் குடுக்குற அம்மா, பேரு மரைஸ். அந்த அம்மா முன்னாடியும் ஸ்டியரிங், அண்ணன் முன்னாடியும் ஸ்டியரிங். அப்ப எந்த நேரத்துல யாரு ஓட்டுறாங்கன்னு எப்படித் தெரியும்?

அதுக்கு ஒரு முறை இருக்கு. கைய எடுக்கப் போறவங்க வாய் திறந்து சொல்லணும்... ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’, இனி உங்க கையில. வாங்கிக்கிறவங்க திருப்பிச் சொல்லணும்... ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’, என் கையில வந்துட்டு. அந்தப் பதில் காதுல விழுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்ங்கீங்களா?

கஷ்டம் இருக்கு. நம்ம ஊர்ல வளந்தவனுக்கு இருக்கு. ஒருநாள் மேல பறக்கையில அண்ணனுக்கு மேப் பாக்க வேண்டியிருந்துச்சு. பக்கத்துல அம்மா வயசுல டீச்சர். ‘இந்தாங்க, நீங்க பிடிங்க’ன்னு டீச்சர்கிட்டயே சொல்லுறதான்னு மனுஷனுக்குக் கூச்சம். என்ன பண்ணாரு? பணிவா அந்த அம்மா பக்கம் திரும்பி ஒரு தலையாட்டு. அவ்வளவுதான், கைய எடுத்துட்டு மேப்ப விரிச்சிட்டாரு.

அந்த அம்மா அந்தப் பக்கம் ஜன்னல் வழியா வேற ஒரு விமானத்தப் பாத்துக்கிட்டிருந்தாங்க. இவரு தலையாட்டினது அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நொடி... அஞ்சு நொடி... பத்து நொடி... ஆகாயத்துல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க, ஓட்டுறது யாருமில்ல. இடது ரெக்கை மெல்லச் சாயுது. மூக்கு கீழ இறங்குது. அந்த அம்மா டக்குன்னு திரும்பிப் பிடிச்சாங்க. பொழச்சாங்க.

இறங்கினதும் கேட்டாங்களாம், “எட்வின், யாரு ஓட்டிக்கிட்டிருந்தா?”

“மேடம்... நீங்கன்னு நினைச்சேன்.”

“நான் நீன்னு நினைச்சேன். உன் மரியாதைய வீட்டுல வச்சுக்கோ. இங்க வாயத் திற.”

ஒரு வாரம் அவர மேல ஏத்தல. ஷெட்டுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு அந்த ரெண்டு வாக்கியத்தையே சொல்ல வச்சாங்களாம். கடைசியில ஹாஸ்டல்ல சாம்பார்க் கரண்டியக் கை மாத்துறதுக்குக்கூட ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’தான். எங்கிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

அடுத்த மாசம் எங்கப்பாவுக்குக் கால் விரல்ல செருப்பு கடிச்சுப் புண்ணாச்சு. அப்பா நாசரேத்துல ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார். அம்மா இல்ல, தனியாத்தான் இருக்காரு. சாயங்காலம் ஆனா விசில எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போயிருவாரு. உடம்புல சர்க்கரை வேற. அண்ணன் வீடியோவுல புண்ணப் பாத்துட்டு எனக்குப் போன் அடிச்சாரு. நான் பாளையங்கோட்டையில இருக்கேன், பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது.

“ஏல தம்பி, அப்பா கால் கறுத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ம்.” அவ்வளவுதான் சொன்னேன்.

அவரு நினைச்சாரு... தம்பி பக்கத்துல இருக்கான், கூட்டிட்டுப் போயிருவான். நான் நினைச்சேன்... அண்ணன் மூத்தவரு, தினமும் அப்பாகிட்ட பேசுறாரு, எந்த டாக்டர், என்னைக்குன்னு அவரு சொல்லட்டும், சொன்னதும் போவோம். அவருக்கு முந்தி நாம முடிவெடுத்தா நல்லாருக்குமான்னு ஒரு மரியாதை. அப்புறமும் அவரு ரெண்டு தடவை “அப்பா எப்படி இருக்காரு?”ன்னு கேட்டாரு. நான் “இருக்காருண்ணே”ன்னேன்.

பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாள்ல நான் நாலு மேடை ஏறினேன். நாலுலயும் என்ன பேசினேன்? இன்னைக்குப் பேசுறதேதான். பெத்தவங்களப் பேணுங்கன்னு பேசினேன். வெக்கமா இருக்கு, சொல்லத்தான் வேணும்.

பத்தொன்பதாம் நாள் அப்பா காய்ச்சலோட மைதானத்துல விழுந்துட்டாரு. முட்டிக்குக் கீழ காலையே எடுத்தாங்க. டாக்டர் எங்கிட்ட கேட்டது ஒரே கேள்வி... “ரெண்டு வாரம் முந்திக் கூட்டிட்டு வந்திருந்தா விரலோட போயிருக்கும். ஏன் வரல?”

அண்ணன் பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்தாரு. என்னைத் திட்டல. ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து அழுதாரு. “அங்க முன்னப்பின்ன பாக்காத மனுஷங்கிட்டக்கூட ‘யாரு கையில இருக்கு’ன்னு கேக்கேன்ல. உங்கிட்ட ஒரு தடவை கேக்கலியே தம்பி.” நான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?

அப்பாவும் எங்களத் திட்டல. “விடுங்கல. ரெண்டு பேருக்கும் வேலை இருந்துச்சில்லா”ன்னாரு. அடிச்சிருந்தாக்கூட ஆறிருக்கும்யா. இது ஆறல. நாலு வருஷமாச்சு, இன்னும் ஆறல.

பாசம் இல்லாமயா போச்சு? ரெண்டு பேருக்கும் இருந்துச்சு. பொறுப்பும் இருந்துச்சு. ஆனா அது யாரு கையில இருக்குன்னு ஒருத்தரும் வாய் திறந்து சொல்லல. உங்க வீட்டுலயும் இருக்கும்... அம்மாவோட கண் ஆபரேஷன், அப்பாவோட நெஞ்சு வலி. அண்ணன் பாத்துப்பான், தங்கச்சி பாத்துப்பான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருப்பீங்க. பாத்துப்பாங்கன்னு நினைக்காதீங்க. கூட்டம் முடிஞ்சதும் போன எடுங்க. ‘வர்ற புதன்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்’னு கிழமையோட, உங்க பேரோட சொல்லுங்க. இந்த ஒரு வரிய நான் அன்னைக்குச் சொல்லல. அதுக்கு எங்கப்பா ஒரு காலக் குடுத்தாரு.