கால் மைல்

அந்தப் பாராட்டுப் பலகையை மாட்ட ஆணி தேட வேண்டாம், ஐயா. முதலில் உட்காருங்கள். இந்தக் கொட்டகையில் ஒரே ஒரு நல்ல நாற்காலிதான் உண்டு, அது விருந்தாளிக்கு. தேநீர் இருக்கிறது. புகையில் உலர்த்திய சால்மன் மீனும் இருக்கிறது. உங்களை ஏற்றிப்போக விமானம் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். நான் சொல்லப்போவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

பலகையில் என் பெயரைச் சரியாகப் பொறித்திருக்கிறார்கள். ஒலின்கா அலெக்சி, பத்தொன்பது ஆண்டுகள் வானிலை பார்த்தவர், இந்த ஓடுபாதையில் ஒரு விபத்துகூட இல்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு விமானம் விழுந்திருந்தால் உங்கள் துறையிலிருந்து ஆறு பேர் வந்திருப்பார்கள். இறங்காமல் போன விமானத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. நான்கு வருடமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பலகையோடு வந்துவிட்டீர்கள்.

உங்கள் விதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வாடகை விமானமோ நோயாளியை ஏற்ற வரும் விமானமோ, மேகத்துக்குள்ளிருந்து இறங்க வேண்டுமென்றால் கீழே ஒருவர் வானிலை பார்த்துச் சொல்ல வேண்டும். மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து நானூறு அடி உயரத்துக்குக் குறையக்கூடாது, பார்வை ஒரு மைலுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் விமானி இறங்க முயன்றே பார்க்கக்கூடாது. நல்ல விதிதான். இங்கே எத்தனையோ பேர் அதனால் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் ஊரில் கீழே நிற்கும் அந்த ஒருவர் நான். இந்தச் சன்னலிலிருந்து டீசல் தொட்டிகள் கால் மைல். பழைய மீன் ஆலையின் கூரை ஒரு மைல். கூரை தெரிந்தால் விமானம் வரும், தெரியாவிட்டால் வராது. இவ்வளவுதான் என் வேலை.

என் மகள் ஃபெதோராவை நிக்கிஃபர் கட்டிக்கொண்டபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவன் குடிப்பான், குடித்தால் அடிப்பான். ஒருமுறை அவள் தாடை எலும்பு விலகிவிட்டது. ஐந்து வாரம் கஞ்சியாகவே குடித்தாள். காவலர்கள் வாடகை விமானத்தில் வந்து அவனைக் கூட்டிப்போவார்கள். சின்ன விமானம் இல்லையா, ஏறுகிறவர்களின் எடையை எழுத வேண்டும். என் மகளின் தாடையை உடைத்தவனை நானே தராசில் நிறுத்தி நூற்று எண்பத்தொரு பவுண்டு என்று எழுதினேன். சில மாதம் கழித்து வழக்கமான விமானத்தில் திரும்பி வருவான். அவன் பையையும் நானே இறக்கி வைப்பேன். இப்படி மூன்று முறை.

இதைச் சொன்னால் நீங்கள் என்னைக் கொஞ்சம் புரிந்துகொள்வீர்கள் என்று தெரியும். அதனால்தான் முதலில் சொன்னேன். அதுவும் ஒரு வெட்கம்தான்.

அது நான்கு வருடத்துக்கு முந்திய மார்ச் மாதம். ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் நிக்கிஃபர் பனிவண்டியில் வந்துகொண்டிருந்தான். வண்டி ஒரு பிளவில் மாட்டிக் கவிழ்ந்து, கைப்பிடி அவன் வயிற்றில் குத்திவிட்டது. மருத்துவ நிலையத்தில் எலேனாதான் பொறுப்பு, எங்கள் ஊர்ப் பெண். காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, வயிறு கல்லாட்டம் இருக்கு. உள்ள ரத்தம் கசியுதுன்னு போன்ல டாக்டர் சொல்றார். பெத்தேல் டவுன்ல விமானம் தயாரா நிக்குது. உங்க பக்கம் எப்படி?"

"ஒண்ணும் தெரியல எலேனா. தொட்டிகூட மங்கலாதான் இருக்கு."

அது உண்மை. அப்போது மூடுபனி இந்தச் சன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைக்கும்போது மட்டும் எனக்கு மூச்சு சீராக வருகிறது.

பதினொன்றரைக்குப் பனி கலைந்தது. ஓடுபாதை மேட்டில் இருக்கிறது, ஊர் ஆற்றோரப் பள்ளத்தில். அங்கே பனி தேங்கி நின்றது, இங்கே விலகிவிட்டது. முதலில் தொட்டிகள் தெரிந்தன, பிறகு ஆலையின் கூரை, அதன் மேல் புள்ளிபோல் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கைகள். நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானொலியை எடுத்து, கால் மைல், மேகத்தின் அடி இருநூறு என்றேன். என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

பெத்தேலில் வானொலியில் இருந்தவன் கர்ட். வேடிக்கையாகப் பேசுகிறவன். "ஒலின்காம்மா, ஒரு போர்வைய எடுத்து வீசி அந்தப் பனியைக் கொஞ்சம் விரட்டுங்களேன்" என்றான். நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டுக்கும் அதையே சொன்னேன். பன்னிரண்டரைக்கு என் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, வானம் எப்படிம்மா இருக்கு?"

"மூடித்தான் இருக்கு கண்ணு."

"கொஞ்சம் வெளிய போய்ப் பாரும்மா. இவருக்கு உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

அவன் தொலைபேசியை வாங்கினான். மூச்சு வாங்கியது. "அத்தை, தொந்தரவு குடுக்கறேன். பனி இருந்தா அவங்கள வரச் சொல்லாதீங்க. என்னால யாரும் விழ வேணாம்."

நான் "பேசாம படு" என்றேன். அவனோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

விமானி பொறுக்க முடியாமல் கிளம்பிவிட்டார். வரும் வழியில் வானம் திறந்துவிடும் என்ற நம்பிக்கை. ஒன்றே கால் மணிக்கு என் தலைக்கு மேலே இயந்திரச் சத்தம் கேட்டது. மேகத்துக்கு மேலே வட்டமடித்தபடி வானொலியில் கூப்பிட்டார்.

"அம்மா, நல்லா பாத்துச் சொல்லுங்க. ஒரு மைல் இருந்தா போதும், எறக்கிடுவேன்."

நான் சன்னலைப் பார்த்தேன். ஆலைக்கு அப்பால் ஆற்றின் அக்கரை மேடு தெரிந்தது. அது இரண்டு மைல். மேகமும் நானூறு அடிக்கு மேலே ஏறியிருந்தது.

"கால் மைல்தான்" என்றேன்.

அவர் இன்னொரு வட்டம் அடித்தார். "சரிம்மா. நீங்க சொன்னா அதான் எங்களுக்கு. திரும்பறோம்."

பத்திரமாகப் போங்கள் என்று சொன்னேன். சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலில் நின்றேன். இரண்டு மணிக்குச் சற்று முன்னால் நிக்கிஃபர் இறந்தான்.

மறுநாள் எலேனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, மத்தியானம் கிளினிக் படியில நின்னேன். உங்க பக்கம் வெளுப்பா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே."

"பள்ளத்துலேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

அவள் தலையாட்டினாள். பத்தொன்பது வருடத்தில் என் சொல்லை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. அடக்கத்தன்று தேவாலயத்தில் என் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ என்னம்மா பண்ணுவ, மேகத்தோட சண்டையா போட முடியும்" என்று அழுதாள். என் தோள் நனைந்தது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்தான்.

அடிக்கிறவனிடமிருந்து பெற்ற பெண்ணைக் காப்பாற்றினேன் என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எந்தத் தாயும் செய்வதுதான் என்பேன். சில நாள் நம்பவும் முடிகிறது. என் மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். பேத்தி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். கேட்டால் ஊரே சொல்லும், ஒலின்கா இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். முகத்தில் இரக்கம் தெரிகிறது. அதற்குத்தான் பயந்தேன். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நிக்கிஃபர் குடியை விட்டு அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கடைசி முறை திரும்பி வந்தபோது தராசில் நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டுதான் இருந்தான். கண் தெளிந்திருந்தது. தன் பையைத் தானே இறக்கிக்கொண்டான். இந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, "அத்தை, மன்னிப்பு கேக்கற யோக்யதை எனக்கு இல்ல. ஆனா கேக்கறேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் கை அவள்மேல் படவில்லை. ஃபெதோரா பாடத் தொடங்கியிருந்தாள், பாத்திரம் கழுவும்போது. தொலைவில், ஆங்கரேஜ் நகரத்தில், அவனுக்கு ஒரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்தது. மூவரும் அங்கேயே குடியேறுவதாக ஏற்பாடு. என் மகள் சந்தோஷமாக வந்து சொன்னாள், "நீ வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாரும்மா."

அவர்கள் புறப்பட வேண்டிய நாள் அவன் இறந்த அதே வாரத்து வெள்ளிக்கிழமை. பெரியவர் இருவர், குழந்தை ஒன்று என்று நானேதான் பெயர் பதிந்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை காலை, அவர்கள் ஏறாத அந்த விமானத்துக்காகப் பெத்தேலிலிருந்து வானிலை கேட்டார்கள். பார்வை பத்து மைல், மேகம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.