உள்ளோரம் போன பத்து கிலோமீட்டர்

பல்லைப் பிடுங்கினாலும் என் பேச்சைப் பிடுங்காத பல் மருத்துவர், நம் ஓட்டக் கழகத் தலைவர் அவர்களே! முட்டி வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோரே! பிள்ளைகளைத் துரத்தித் துரத்தியே ஓட்டம் பழகிய தாய்மார்களே! இந்தத் தையற்காரனின் பணிவான வணக்கம்.

குன்றுப் பாதையை அளக்க ஆள் தேடியபோது தலைவர் என்ன சொன்னார்? "ஊருக்கே அளவெடுக்கறீங்க, ஒரு குன்றுக்கு எடுக்க மாட்டீங்களா?" மயங்கினேன். மண்ணை மிதித்து, முள்ளை மிதித்து, பத்து கிலோமீட்டர் என்று கோடு போட்டேன். என்ன ஐயா, கடைசி வரிசையில்? உங்கள் சட்டையா? நாளைக்கு ஐயா, கட்டாயம் நாளைக்கு.

அந்தக் கோட்டை ஐம்பத்தொன்பது நிமிடம் முப்பது நொடியில் தொட்டது யார்? என் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க நான்கு ஆண்டுகள், வேலைக்கு முன்னும் ஓடி, பின்னும் ஓடித் தவித்தவள். கழகப் பலகையில் அவள் சாதனை ஏறியது. மூன்று நாள் என் சமையலைக்கூட அவள் குறை சொல்லவில்லை.

நான்காம் நாள் தலைவரின் சட்டைக்குக் காலர் வெட்டினேன். கத்தரி பாதியில் நின்றது. காலருக்கு வெளியோரம் நீளம், உள்ளோரம் குட்டை. பாதையின் பதினான்கு வளைவையும் நான் எந்த ஓரத்தில் அளந்தேன்? வெளியோரத்தில். ஓடுகிறவர் எந்த ஓரம் போவார்? விருந்து வைத்து அழைத்தாலும் வெளியோரம் போவாரா? பாதை குட்டை, பெருமக்களே. என் மனைவியின் சாதனையும் குட்டை.

அவளிடம் போய்ச் சொன்னேன். ஓடிய காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ குறையும்?"

"தெரியல. திரும்ப அளக்கணும்."

"ஒத்த ஆளா எப்படி அளப்பீங்க? நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன்."

கேட்டீர்களா? தன் சாதனையை அழிக்கும் நாடாவைத் தானே பிடித்தாள். முள் கிழித்தும் பிடித்தாள். மூச்சு வாங்கியும் பிடித்தாள். நூற்றெழுபது மீட்டர் குறைந்தது. கோட்டைத் தள்ளிப் போட்டோம். நேற்றுக் காலை, தலைவர் நேரம் பார்க்க, மறுபடி ஓடினாள்.

ஒரு மணி நேரம், பன்னிரண்டு நொடி.

"பன்னெண்டு நொடிதானேம்மா, விட்டுடலாம்" என்றார் இரக்கமுள்ள தலைவர். பல்லைப் பிடுங்கும்போது பாதியை விட்டுவிடுவாரா இவர்? அவள் சொன்னாள்: "வேணாம் டாக்டர். ஓடினதை எழுதுங்க."

கழகப் பலகையில் நானே எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு சரியாக நான் எடுத்த அளவு வேறில்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் ஓடுகிறாள். எல்லோரும் வந்து வளைவுகளில் நில்லுங்கள், கை தட்டுங்கள். உள்ளோரத்தை மட்டும் அவளுக்கு விட்டு நில்லுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.