வெயிட், இருபது நிமிஷம்

மாவு தலகாணி மாதிரி உப்பிருச்சுக்கா. பொய் இல்ல, வந்து பாருங்க. ஓவன் உள்ள மேல இருக்கற சூட்டுக் கம்பியில போய் முட்டி, முட்டின எடம் கருகி... அந்தப் புகைக்குத்தானே நீங்க மாடியிலேருந்து ஓடி வந்தீங்க. நேத்துதான் குடிவந்தீங்க, அதுக்குள்ள இப்படி. உக்காருங்க. நாற்காலில மாவு இருக்கும், தட்டிட்டு உக்காருங்க.

அஞ்சு மணிக்கு என் நாத்தனார் வராங்கக்கா. போன தடவ பழ டார்ட் கடையில வாங்கி வெச்சேன். "என் தம்பிக்கு வாய்ச்சவளுக்கு கடைதான் சமையல்கட்டு"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. "அடுத்த தடவ என் கையாலயே பண்றேன்"னு நானும் சொல்லித் தொலைச்சேன். இந்த வாய் சும்மா இருக்காதே.

பஃப் பேஸ்ட்ரி ஷீட், அதான் தேச்சு ரெடியா விக்கற மாவு, ரெண்டு வாங்கினேன். நானே மடிச்சு தேச்சேன்னு சொல்லிக்கலாம், யாரு கேக்கப்போறா... அத தட்டுல விரிச்சு, மொதல்ல வெறும் மாவ மட்டும் பேக் பண்ணி எடுக்கணும். கஸ்டர்ட், பழமெல்லாம் அப்பறம்தான். எங்க அம்மா வீட்டு அண்ணிகிட்ட கேட்டேன், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. அவங்க பேச ஆரம்பிச்சா பொழுது போயிரும்க்கா. மொதல் பத்து செகண்ட் கேட்டேன். "மாவு மேல பேப்பர் விரி. அப்பறம் வெயிட். இருபது நிமிஷம்." புரிஞ்சுபோச்சு. பேப்பர விரிச்சேன், உள்ள தள்ளினேன், ஓவன் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு வெயிட் பண்ணேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்ளோ ஒழுங்கா காத்திருந்தது இல்ல. அது பாட்டுக்கு உப்பிக்கிட்டே போகுது, நான் என்னடான்னா ரசிச்சுக்கிட்டு நிக்கறேன்.

தப்பு அண்ணி மேலதான்கா. அரகொறையா சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? இருங்க, அந்த மெசேஜ முழுசா போட்டுக் காட்டறேன், நீங்களே கேளுங்க...

"...வெயிட்னா பாரம்டி, நீ பாட்டுக்கு காத்துக்கிட்டு நிக்காத. காஞ்ச பயறு நாலு கை அள்ளி பேப்பர் மேல கொட்டு, இல்லனா உப்பிரும். முழுசா கேக்கறியா, இல்ல பாதில அமுத்திட்டியா?"

ம்.

சிரிக்காதீங்கக்கா. உங்களுக்கும் இப்படி ஒரு தடவயாவது ஆகியிருக்கும்ல? சரி, இன்னும் ஒரு ஷீட் இருக்கு. மணி நாலு. எங்க வீட்ல பயறுன்னு ஒண்ணுகூட இல்ல. உங்க மூட்டையெல்லாம் பிரிச்சாச்சா? காஞ்சது ஏதாவது...

எங்க எழுந்துட்டீங்க? என்னது, வெயிட்டா?

எந்த வெயிட்டுக்கா? எடுத்துட்டு வரப் போறீங்களா, இல்ல நான் இப்படியே நிக்கணுமா? அக்கா...